எந்தப் பக்கத்து மண்

டால்பிக்கு மேற்கே எரிவாயுக் குழாய்க்காக
நான்கு கிலோமீட்டர் பிளந்து கிடக்கிறது பூமி.
ராத்திரி நல்ல மழை.
விடியுமுன் குழிக்குள் இறங்கி நடப்பது என் வேலை.
விழுந்ததை எடு, எண்ணு, எழுது, விடு.
சம்பளச் சீட்டில் இதற்கு நீளமான பெயர் ஒன்றுண்டு.
இயந்திரம் ஓட்டுகிறவர்கள் வைத்த பெயர்
தவளைக்காரி.

இன்று இதுவரை
பதினேழு தவளை, இரண்டு பல்லி,
ஒரு சாப்பாட்டு டப்பா.
மூடியில் ஸ்ட்ராகன் என்று எழுதியிருந்தது.

மூன்றாவது கிலோமீட்டரில் அது.
கறுப்பு, வெள்ளை, கறுப்பு, வெள்ளை,
பாண்டி ஆடக் கோடு கிழித்ததுபோல்
கட்டம் கட்டமாய் உடம்பு.
பெயரும் பாண்டி பாண்டிதான் இங்கே.
ஒரு முழம் இருக்கும். கடுகுக் கண்.
வருஷமெல்லாம் மண்ணுக்கடியில் குடியிருந்துவிட்டு
மழை பெய்த இரவில் மட்டும்
மாடிக்கு வந்து பார்க்கிற ஜாதி.

டார்ச் வெளிச்சம் பட்டதும்
உடம்பைத் தூக்கி வளையம் போட்டது.
ஒன்று.
பக்கத்தில் இன்னொன்று.
தலை மட்டும் தரையோடு தரையாக.
எது முனை எது நடு என்று
எதிராளிக்குப் பிடிபடாமலிருக்க இத்தனை வித்தை.
பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பார்கள்.
இதைப் பார்த்தால் படை
வரிசை எது என்று குழம்பிப்போய்
வீட்டுக்குத் திரும்பும்.

விளக்கைத் தாழ்த்தினேன்.
வளையங்கள் மெல்ல இளகின.

குழிச்சுவரில், எறும்புப் புற்றை மண்வாரி அறுத்த இடத்தில்
இளஞ்சிவப்பாய் ஒன்று நெளிந்தது.
குருட்டுப் பாம்பு.
பாம்பின் கால் பாம்பறியும்,
ஆனால் இதற்கு
அந்த ஒரு பாம்பின் கால்தான் தெரியும்.
வேறெதையும் தீண்டாது.
என் வாளியில் பதினேழு தவளை கத்திக்கொண்டிருக்க
திரும்பியும் பார்க்காமல்
சுவரிலிருந்து அதை உருவி எடுத்தது.

தன் நீளத்துக்கு நான்கு விரல் குறைந்த ஒன்றைத்
தனக்குள் அடுக்குவது லேசான காரியமில்லை.

ரேடியோவில் மேற்பார்வையாளர் ஹாலிகன்.
"என்ன தாமதம்?"
"சாப்பிட்டுக்கொண்டிருக்கிறது."
"யார்?"

மேலே மண்வாரியின் சத்தம் நின்றது.
ஸ்ட்ராகன் இறங்கிவந்து டப்பாவை வாங்கிக்கொண்டான்.
இரும்புப் பல் ஒன்றின்மேல் உட்கார்ந்து
அவனும் சாப்பிட ஆரம்பித்தான்.
நாற்பத்தொரு நிமிஷம்.
அவன்தான் முதலில் முடித்தான்.

படிவத்தில் எண்ணிக்கை என்றொரு கட்டம்.
ஒன்று என்று எழுதினேன்,
இரண்டு என்று திருத்தினேன்,
மறுபடி ஒன்று.
அதற்குக் கீழே, விடுவித்த இடம்.
வடக்குக் கரையா, தெற்குக் கரையா?
எந்தப் பக்கத்து மண்ணிலிருந்து விழுந்தாய் நீ?
முந்தாநாள் வரைக்கும்
இங்கே கரை என்றே ஒன்று இருக்கவில்லை.

கையுறைக்குள் அது கடிக்கவில்லை.
வயிறு கனத்தவனின் சோம்பல்.
தெற்கே, பிரிகலோ மரங்களின் வேரடியில் வைத்தேன்.
ஈரச் சருகு, நிழல்,
நானாக இருந்தால் அங்கேயே இருந்திருப்பேன்.
அது கொஞ்ச நேரம் நாக்கை நீட்டி யோசித்தது.
பிறகு திரும்பி, வந்த வழியே ஊர்ந்து,
நாங்கள் தோண்டிக் குவித்த மண்மேட்டில்
மூக்கை நுழைத்தது.
கறுப்பு.
வெள்ளை.
கறுப்பு.
அவ்வளவுதான்.

மதியம் குழாய் இறங்கும்.
பின்னாலேயே அந்த மேட்டைத்தான் உள்ளே தள்ளுவார்கள்.

ரேடியோ மறுபடி கரகரத்தது.
ஸ்ட்ராகன் டப்பாவை மூடினான்,
கால்சட்டையில் கையைத் துடைத்தான்.
மண்வாரிப் பக்கம் போவான் என்று நினைத்தேன்.
வண்டியின் பின்னாலிருந்து
கைமண்வெட்டி இரண்டோடு வந்தான்.

"மெதுவாகத்தானே?"

"மெதுவாக," என்றேன்.
கட்டம் இன்னும் காலியாகவே இருந்தது.